பாயிண்ட் 22 ரைபிளுக்கு எந்தத் தோட்டா: ஸ்டாண்டர்டா, ஹை வெலாசிட்டியா?

50 மீட்டரில் காகித இலக்கைச் சுடப் பழகுகிறவருக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிதான் சரி. ஹை வெலாசிட்டிக்கு இதைவிட வேகமும் சத்தமும் அதிகம். அதனாலேயே புதிதாக வருகிறவர்களின் கை முதலில் அந்தப் பெட்டிக்குப் போகிறது. மதுரை வெயிலிலும் காற்றிலும் அந்தக் கூடுதல் வேகத்தால் மதிப்பெண் ஏறாது, குறையத்தான் செய்யும்.

தோட்டா வேறு, குண்டு வேறு. நான்கு பொருள் சேர்ந்தது தோட்டா: பித்தளை ஓடு, அடி பட்டதும் தீப்பிடிக்கும் பற்றுமருந்து, வெடிமருந்துத் தூள், முன்னால் பறந்து போகும் குண்டு. .315 போன்ற சென்டர் ஃபயர் தோட்டாவில் பற்றுமருந்து ஓட்டின் அடிநடுவில் தனிக் குப்பியாக உட்கார்ந்திருக்கும். நாம் பேசும் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா ரிம் ஃபயர் வகை. அதில் தனிக் குப்பி கிடையாது. அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே பற்றுமருந்தைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீ பிடிக்கும். மடிப்பின் ஒரு பக்கத்தில் மருந்து சரியாகப் பரவவில்லை என்றால், ஊசி அந்த இடத்தில் விழும்போது தோட்டா வெடிக்காது. ரிம் ஃபயரில் மிஸ்ஃபயர் அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். சுட்டபின் விளிம்பு நசுங்கிவிடுவதால் அந்த ஓட்டுக்கு மறுபயன்பாடும் இல்லை.

இரண்டு ரகமும் ஒரே அளவு ஓடுதான். குண்டும் பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். ஸ்டாண்டர்டில் வருவது மெழுகோ கிரீஸோ பூசிய, முனை உருண்ட ஈயக்குண்டு. ஹை வெலாசிட்டியில் செம்பு பூச்சும் முனையில் குழி விட்ட ஹாலோ பாயிண்டும் சகஜம். காகிதத்துக்குக் குழி தேவையில்லை. எண்ணாகச் சொன்னால், எஸ்.கே. கம்பெனியின் ஸ்டாண்டர்ட் பிளஸ் தோட்டா குழல் வாயில் விநாடிக்கு 328 மீட்டர், சி.சி.ஐ. கம்பெனியின் ஹை வெலாசிட்டித் தோட்டா மினி மேக் 376 மீட்டர்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒலியின் வேகம் நிற்கிறது. சித்திரை மாத மதுரையில், 38 டிகிரியில், ஒலி விநாடிக்குச் சுமார் 354 மீட்டர் போகும். ஸ்டாண்டர்ட் குண்டு புறப்படும்போதே அதற்குக் கீழே இருக்கிறது, கடைசிவரை கீழேயே போகிறது. ஹை வெலாசிட்டி குண்டு ஒலியை முந்திக் கிளம்பி, இலக்கை எட்டுவதற்குள் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டைச் சுற்றியுள்ள அதிர்வலை நிலைமாறி, மெல்லிய ஈயக்குண்டை லேசாக அலைக்கழிக்கும். கொடைக்கானல் குளிரில், 12 டிகிரியில், ஒலியின் வேகம் 338 மீட்டர்தான். அங்கே ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்கும் இடைவெளி சுருங்கிப் போகும். அந்த விஷயத்தில் நம்ம ஊர் வெயில் ஸ்டாண்டர்ட் பக்கம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 2.6 கிராம் ஈயம் எம்மாத்திரம்? வேகமான குண்டு சீக்கிரம் போய்ச் சேரும், அதனால் காற்று அதைக் குறைவாகத் தள்ளும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. பக்கக் காற்றில் குண்டு எவ்வளவு நகரும் என்பதைப் பறக்கும் நேரம் தீர்மானிப்பதில்லை. காற்றின் தடையால் வழியில் எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒலிவேகத்தை ஒட்டிய பகுதியில் தடை செங்குத்தாக ஏறுவதால் ஹை வெலாசிட்டி குண்டு இழக்கும் நேரம் அதிகம், ஒதுங்குவதும் அதிகம்.

ஹை வெலாசிட்டிக்கும் இடம் உண்டு. 100 மீட்டரில் குண்டு குறைவாக இறங்கும். தானாக இயங்கும் செமி ஆட்டோ துப்பாக்கிகளில் சில, அந்த உதை இல்லாமல் அடுத்த தோட்டாவை ஏற்றாது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளோடு (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) 50 மீட்டரிலேயே நிற்கிறவருக்கு இந்த இரண்டும் தேவைப்படாது.

ரகத்தைவிடப் பெரிய விஷயம் லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் எண். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை; லாட் மாறினால் அதே குழலில் குண்டு விழும் இடமும் கூட்டமும் (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) மாறும்.

கணக்கைப் பாருங்கள். 328 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டர் போகச் சுமார் 0.16 விநாடி எடுக்கும். அதற்குள் அது 12 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். இரண்டு தோட்டாவுக்கு இடையே விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், விழும் இடத்தில் மேலும் கீழுமாக 7, 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். 50 மீட்டர் இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். மூச்சும் விரலும் சரியாக இருந்தும் குண்டு உயரத்தில் சிதறினால், தோட்டாவைச் சந்தேகப்படுவது நியாயம். குழலின் அதிர்வு இதில் ஓரளவை ஈடுகட்டவும் செய்யும். எவ்வளவு என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மலிவான ஹை வெலாசிட்டிப் பெட்டிகளில் இந்த வேக வித்தியாசம் பொதுவாகக் கூடுதல்.

அதனால் மொத்தமாக வாங்குவதற்கு முன் லாட்டைச் சோதிக்க வேண்டும். மூன்று, நான்கு லாட்டில் ஒவ்வொரு பெட்டி போதும். பெட்டிக்கு 50 தோட்டா. துப்பாக்கியை மணல்மூட்டை மேலோ வைஸிலோ வைத்து, காற்று எழும் முன் காலை 7 மணிக்குத் தொடங்குவது நல்லது. ரகமோ லாட்டோ மாறும்போது முதல் 10, 15 குண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய மெழுகின் படலம் போய்ப் புது மெழுகு குழலில் படிய அவ்வளவு தேவை. துடைத்த குழலுக்கும் அதே கணக்கு. பிறகு பத்துப் பத்தாக மூன்று கூட்டம். ஐந்து குண்டுக் கூட்டத்தை நம்பி லாட்டை எடுக்காதீர்கள். ஐந்தில் எந்த லாட்டும் ஒருமுறை அழகாகக் காட்டும். மூன்று கூட்டங்களில் மிக மோசமானதை வைத்து ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.

இதில் ஒரு உள்ளூர் சிக்கல். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். மாநகருக்குள் கமிஷனர், வெளியே கலெக்டர், யார் கொடுத்த லைசென்ஸானாலும் அளவு அளவுதான். சோதனைக்குச் சுடுவதும் அந்தக் கணக்கில்தான் கழியும். அளவு சிறியதாக இருந்தால் நான்கு லாட்டைச் சோதிக்க முடியாது. இரண்டே லாட்டை எடுத்து, நல்லதில் பருவம் முழுவதற்கும் வாங்கிவிடுவது மேல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் இருபது இருபதாக 60 குண்டு. பயிற்சிக் குண்டையும் சேர்த்தால் ஒரு போட்டிக்கே எத்தனை பெட்டி ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

வெயிலில் நின்ற வண்டிப் பெட்டியில் தோட்டாவை விடக் கூடாது. மெழுகு இளகும், அதில் புழுதி ஒட்டும், அது குழலுக்குள் போகும். தூள் சூடேறினால் வேகமும் ஏறும். நிழலில் சுட்ட பத்துக்கும் வெயிலில் கிடந்த பத்துக்கும் உயரம் வேறுபடும். சூடான குழலில் தோட்டாவை ஏற்றிவிட்டு நெடுநேரம் குறிபார்த்துக்கொண்டிருப்பதும் இதே தவறு. ஐப்பசி மழையில் பெட்டியை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஊசி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து போல்ட்டைத் திறக்க வேண்டும். வழக்கமான சத்தம் வராமல் ‘டப்’ என்று அமுங்கிய சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கிவிடும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.