பிரைம்95-ஆ, ஓசிசிடியா? ஏசி இல்லாத அறைக்கு எது சரி

கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் என்று ராத்திரி முழுக்க உட்காருகிற ஆளுக்கு, எக்ஸ்போர்ட் முடியப்போகிற நேரத்தில் திரை நீலமாவதைவிடக் கொடுமை வேறில்லை. கடையில் போய்ச் சொன்னால், "விண்டோஸத் திருப்பிப் போட்டுப் பாருங்கண்ணே" என்பதுதான் முதல் வைத்தியம். கோளாறு விண்டோஸிலா ஹார்டுவேரிலா என்று பிரித்துச் சொல்லத்தான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அதாவது கம்ப்யூட்டரை முழுச் சுமையில் ஓட்டிப் பிழை வருகிறதா என்று பார்ப்பது. அதற்கான புரோகிராம்கள்தான் பிரைம்95, ஓசிசிடி. இரண்டையும் ஓட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது என் கம்ப்யூட்டரில் நிற்பது ஓசிசிடி.

பிரைம்95 பற்றித் தெரியாதவர்கள் குறைவு. 1996-ல் தொடங்கிய பெரிய பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக எழுதிய புரோகிராம் அது. தெரிந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் ஒரு இலக்கம் பிசகினாலும் பிடித்துவிடும். 2016-ல் இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்பிலேயே ஒரு பிழை இருப்பது இதை ஓட்டியபோதுதான் வெளியே வந்தது. இலவசம், இன்ஸ்டால்கூட வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் கிடையாது. ஓசிசிடியும் சொந்த உபயோகத்துக்கு இலவசம்தான். ஆனால் இலவசப் பதிப்பு ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும், மறுபடி ஸ்டார்ட் அமுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பிரைம்95 ஜெயிக்கிறது.

அப்புறம் ஏன் ஓசிசிடி? காரணம் மதுரை வெயில்.

என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 5 5600 சிப், பெட்டியோடு வந்த சின்ன கூலர்தான். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறை மத்தியானம் நாற்பது டிகிரியைத் தொடும். எந்தக் காற்று கூலரும் அறைக் காற்றைத் தாண்டிக் குளிர்விக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அதனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) கர்வ் ஆப்டிமைசர் போய், சிப்புக்குள் வேலை செய்யும் ஆறு கோருக்கும் மைனஸ் 30 வைத்து வோல்டேஜைக் குறைத்தேன். சூடு நன்றாகவே இறங்கியது. ஆனால் வோல்டேஜைக் குறைத்தால் நிலையாக ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பிரைம்95-ல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற கடுமையான டெஸ்டைப் போட்டால் ஆறு கோரும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் இறங்கும். 5600-க்கு மொத்தம் 76 வாட்தான் அனுமதி. ஒரே மெயின் லைனில் ஆறு வீட்டுக் குழாயையும் திறந்துவிட்டால் எந்த வீட்டிலும் தண்ணீர் வேகமாக வராதில்லையா, அதே கதைதான். 4.4 கிகாஹெர்ட்ஸ் போக வேண்டிய கோர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடும். கோடையில் 90 டிகிரியை நெருங்கினால் சிப் தானாகவே இன்னும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகக்கூடி, ராத்திரி முழுக்க ஓடி 'பாஸ்' என்று வந்தாலும், பாஸ் ஆனது குறைந்த வேகம்தான். போட்டோஷாப்பில் ஒரு லேயரை இழுக்கும்போது ஒரே ஒரு கோர் 4.4-க்குத் தாவும். கம்ப்யூட்டர் விழுவது அந்த இடத்தில்.

ஓசிசிடியில் சிபியு டெஸ்டில் அதிகம் சூடேற்றும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை விட்டுவிட்டு லேசான எஸ்எஸ்இ தேர்ந்தெடுத்து, கோர் சைக்கிளிங் போட்டால் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். சுமை ஒரு கோரில் மட்டும் என்பதால் அது உச்ச வேகத்துக்கே போகும், சூடும் கட்டுக்குள் இருக்கும். என் கம்ப்யூட்டர் பிரைம்95-ல் ஒரு ராத்திரி சுத்தமாக ஓடியது. ஓசிசிடியில் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோரில் மட்டும் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் அங்கேயும் டபிள்யூஹெச்இஏ-லாகர் 18, அதாவது ஹார்டுவேர் பிழையால் விழுந்ததற்கான பதிவு, உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு கோரை மட்டும் மைனஸ் 15-க்கு ஏற்றினேன், மற்றவை அப்படியே இருக்கின்றன. எந்த கோர் என்று ஓசிசிடி சொல்லாமல் இருந்தால் எல்லாவற்றையும் ஏற்றிச் சூட்டைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

வெப்பநிலை கிராஃப் அதே திரையில் ஓடுவதும், நாம் வைத்த டிகிரியைத் தாண்டினால் டெஸ்ட் தானே நிற்பதும் கூடுதல் வசதி. மார்கழியில் பாஸ் ஆனதை நம்பாமல் சித்திரையில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பிரைம்95-க்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கோர்சைக்கிளர் என்றொரு இலவச ஸ்கிரிப்ட், பிரைம்95-ஐ வைத்தே கோர் கோராக ஓட்டும். கறுப்பு விண்டோவும் செட்டிங் ஃபைலும் பழகியவர்களுக்கு அது போதும்.

ராம் சந்தேகம் என்றால் இரண்டையும் ஓரமாக வையுங்கள். விண்டோஸ் தன் பங்குக்கு ராமில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதை இவை தொட முடியாது. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை புரோகிராமைப் போட்டு பூட் செய்து ராத்திரி விட்டுவிடுங்கள். பிழை வந்தால் பயாஸில் ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து ஒருமுறை, பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காகக் கழற்றி ஒருமுறை.

ஓசிசிடியில் பவர் என்றொரு டெஸ்ட் உண்டு. சிபியுவையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து அடிக்கும். நம்மூரில் பாதிப் பேர் வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டு இருந்தால் விழுவது யூபிஎஸ்ஸாக இருக்கும், பழி எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) மேல் போகும்.

இன்டெல்லில் எனக்குக் கைப்பழக்கம் கம்மி, நண்பர்களுடையதில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த பயாஸைப் போட்டுவிட்டு டெஸ்டைத் தொடங்குங்கள். வோல்டேஜ் ஏறிச் சிப் கெடும் பிரச்சினைக்கான மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டுப்பாட்டுக் குறிமுறை) திருத்தம் அதில்தான் வந்தது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது என்பதால், பில்லில் வாரன்டி எத்தனை மாதம் மிச்சம் என்று பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.