படிவம் அனுப்பியபின்: ஹெடரா, ஜாவாஸ்கிரிப்டா?

தளத்தின் தொடர்புப் படிவத்தை, சர்வரில் ஓடும் பிஎச்பி வாங்கி, மெயிலை அனுப்பிவிட்டது. அடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்ப வழி இரண்டு.

பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல்தான் ஹெடர்; அதை அனுப்பும் பிஎச்பியின் ஹெடர் ஃபங்ஷனில் லொகேஷன் என்று புதுப் பக்க முகவரியைக் கொடுப்பது சர்வர் வழி. எதுவும் சொல்லாவிட்டால் ‘வேறு பக்கத்துக்குப் போ’ என்னும் 302 குறியீடு போகும். மூன்றாவது ஆர்கியுமென்டாக 303 கொடுப்பதே சரி. பிரவுசர் புதுப் பக்கத்தை கெட் முறையில் (படிவத் தகவலை அனுப்பாமல்) கேட்கும் என்பதால், ரீஃப்ரெஷ் செய்தாலும் படிவம் மறுபடி போகாது. அடுத்த வரியிலேயே, ஓட்டத்தை நிறுத்தும் எக்ஸிட் வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள நிரல் வரிகளும் ஓடும்.

இதில் வழக்கமான தலைவலி, ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ எச்சரிக்கை. ஹெடருக்கு முன்பே ஏதோ அவுட்புட் போய்விட்டது: ஒரு எக்கோ (அச்சிடும் கட்டளை), பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன் ஒரு வெற்று வரி, அல்லது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் யுடிஎஃப்-8 பிஓஎம் குறி. எந்தக் கோப்பு, எந்த வரி என்பதை எச்சரிக்கையே சொல்லும். அதைப் படிக்காமல் பலர், அவுட்புட்டை உடனே அனுப்பாமல் தேக்கிவைக்கும் அவுட்புட் பஃபரிங்கைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் முடக்கப்பட்டிருந்தால் ஆள் அங்கேயே நிற்பார். ‘நன்றி’ என்று 3 விநாடி காட்டிவிட்டு நகர்த்த மட்டும் இது பொருந்தும். அப்போதும் லொகேஷன் ரீப்ளேஸ் போடுங்கள், படிவத்தை வாங்கிய போஸ்ட் பக்கம் பிரவுசர் ஹிஸ்டரியில் தங்காது. அந்த 3 விநாடிக்குள் ரீஃப்ரெஷ் செய்தால் மெயில் இரண்டாகும்.