ரயிலை முந்தியவரைப் படமெடுக்க யாரிடம் கேட்பது?

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலும், நாங்கள் ஆவணப்படம் எடுக்க நினைக்கும் பெரியவரின் சைக்கிளும் ஒன்றாகப் புறப்படுமாம். ரயில் குன்னூர் நிலையத்துக்குள் நுழையும்போது இவர் டீ குடித்து முடித்திருப்பாராம். பர்லியாறிலிருந்து வெலிங்டன் வரை, வயதில் மூத்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பேக்கரி வேலைக்காரர், விடியும் முன் வர்க்கி டப்பாக்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு இறங்குவார், காலையில் ஏறுவார். கியர் கிடையாது, கம்பி பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிடும் என்று பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்தபடி வருவாராம். படம் முடியும்வரை பெயரை வெளியிட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம்பும்படி இருக்கிறதா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் பாதை 28 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரும்; பல்சக்கரத்தின் பிடியில் ரயில் ஊர்ந்துதான் போகும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பெரியவரைக் கேட்டால் அவர் சொல்லும் காரணம் இன்னும் எளிமையானது: "ஹில்குரோவில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும் தம்பி. நான் நிற்க மாட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே படம் எடுக்கலாம். கேமரா நண்பர்களுடையது. ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு, ரயில்வே இடங்களில் படமெடுக்க அனுமதிக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் தேவை என்று போட்டிருக்கிறோம். அதை எப்படித் திரட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் தினமும் தர்க்கம்.

இளைஞர்கள் முதலில் சொல்வது, இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் வெளிநாட்டுத் தளமான கிக்ஸ்டார்ட்டர். இலக்குத் தொகையை எட்டினால்தான் பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு ரூபாய்கூட எடுக்கப்படாது. கொடுப்பவருக்கு இது பெரிய தைரியம். பாதிப் பணத்தில் பாதிப் படம் எடுத்துவிட்டுக் கைவிரிக்கும் ஆபத்து இல்லை. கட்டணம் 5 சதவீதம், அதற்குமேல் பணப் பரிமாற்றச் செலவு. ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாது. லண்டனில் இருக்கும் உறவினர் பெயரில் தொடங்கலாமே என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த பணம் அங்கிருந்து நாம் தொடங்கப்போகும் சங்கத்தின் கணக்குக்கு வரும்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே நிற்கும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவருடைய அண்ணன் பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிட்டிருந்தால், அவர் அனுப்பும் அதே தொகை வெளிநாட்டு நன்கொடை.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. முகம் தெரியாதவர்கள் பணம் போட வேண்டுமென்றால் நாயகனை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டன் 1967இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையே தாண்டிப் போனார். அவரைப் பற்றிப் படம் என்றால் அந்த நாட்டுச் சைக்கிள் சங்கங்களில் பாதிப் பேர் பர்ஸை எடுப்பார்கள். நம் பெரியவருக்கு நேரக் கணக்கு எழுதிய காகிதம்கூட இல்லை. அவர் புகழ் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் இருக்கிறது.

அடுத்தது கீட்டோ, மிலாப் போன்ற நம் நாட்டுத் தளங்கள். இலக்கை எட்டாவிட்டாலும் வந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது வசதி. தளக் கட்டணம் இருக்கும் இடத்தில் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களைத் திறந்தால் கண்ணில் படுவதெல்லாம் மருத்துவமனைப் படுக்கைகள். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கான வேண்டுகோளுக்குப் பக்கத்தில் போய்ச் சைக்கிள் படத்துக்குக் கையேந்த எனக்கு மனம் வரவில்லை. கேட்டாலும் யார் நின்று பார்ப்பார்கள்?

லாபத்தில் பங்கு தருகிறோம் என்று கேட்பது எல்லாவற்றையும்விட மோசமான யோசனை. அப்படி வாங்கினால் அது முதலீடு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் வந்து நிற்கும். தவிர, ஆவணப்படத்தில் லாபம் பார்த்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஒரே புரவலரிடம் முழுத் தொகையையும் வாங்குவது வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். விளம்பரப் பலகையோடு படம் தொடங்கும், அவ்வளவுதான் என்கிறார்கள். அவ்வளவோடு நிற்காது. பேக்கரி முதலாளி என்ன கூலி கொடுத்தார் என்று பெரியவர் சொல்லும் பகுதியை முதலில் வெட்டச் சொல்வார்கள். படத்தொகுப்பில் தலையிட மாட்டேன் என்று எழுத்தில் கொடுக்கும் புரவலர் கிடைத்தால் பேசலாம்.

மிஞ்சுவது ரசீதுப் புத்தகம். 1976இல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவினரும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' வந்தது. முதலாவதில் பணத்தைச் சேர்க்கக் கூட்டுறவுச் சங்கங்கள் தயாராக இருந்தன, இரண்டாவதில் கால்கள்தான். நீலகிரியில் இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. சிறு விவசாயிகளின் இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் உண்டு. படுகர் ஊர்களான ஹட்டிகள் ஒவ்வொன்றிலும் பெரியவரைப் பார்த்தவர் ஒருவராவது இருப்பார். 200 ரூபாய்க்கு ரசீது, படத்தின் கடைசியில் கொடுத்தவர் பெயர், ஊர் மண்டபத்தில் திரையிடும்போது முன்வரிசையில் இடம். யுபிஐ வழியாக வாங்கினால் பிடித்தம் எதுவும் இல்லை.

இதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அலைச்சல் அதிகம். 6 லட்சத்துக்கு 3,000 ரசீது கிழிக்க வேண்டும். அடிக்கட்டை ஒன்று தொலைந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. ஒரு தனிமனிதரின் கணக்கில் வாங்கினால், உறவினர் அல்லாதவர்கள் சும்மா கொடுத்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டியதும் முழுவதும் அவர் வருமானமாகிவிடும். ஆகவே ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்து, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கைத் திறந்த பிறகே முதல் ரசீதைக் கிழிக்க வேண்டும். வரி விலக்கு அதோடு தானாக வந்துவிடாது. அதற்குத் தனி விண்ணப்பம்.

என் வாக்கு ரசீதுக்குத்தான், ஆனால் கிக்ஸ்டார்ட்டரின் அந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொண்டு. பணத்தை இரண்டு தவணையாகப் பிரிக்கலாம். முதல் தவணை 2 லட்சம், படப்பிடிப்புக்கு மட்டும். குறித்த தேதிக்குள் அது சேராவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்போம் என்று ரசீதிலேயே அச்சடிக்க வேண்டும். பெரியவரின் வயதைப் பார்த்தால் மொத்தமும் சேரட்டும் என்று காத்திருப்பதற்கில்லை. எடுத்த காட்சிகளை மண்டபங்களில் போட்டுக் காட்டித்தான் மீதி 4 லட்சத்தைக் கேட்க வேண்டும்.

மாதமும் முக்கியம். வானம் தெளிந்திருப்பது ஜனவரியில், படப்பிடிப்பு அப்போதுதான். ஆனால் உறைபனி விழுந்து பச்சைத் தேயிலை வரத்துக் குறையும் மாதமும் அதுதான். அப்போது யார் வீட்டிலும் பணம் புரளாது. எனவே செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள், இலை நன்றாக வரும்போதே, ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிட வேண்டும்.