ஏழு வருடம், ஐந்து தடவை: வீட்டிலேயே கார்ப்பரேட்டர் கழற்றிய அனுபவம்

என் 150 சிசி பைக்கின் கார்ப்பரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தை, ஏழு வருடத்தில் ஐந்து தடவை நானே கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறேன். முதல் தடவை அரை நாள் பிடித்தது. இப்போது ஒரு மணி நேரம் போதும். அதிலும் முக்கால்வாசி கழற்றவும் மாட்டவுமே போய்விடுகிறது.

ஐந்து தடவையும் ஒரே கோளாறுதான். சில வாரம் ஓடாமல் நின்ற வண்டி, சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லிவர்) போட்டால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். வேகத்தில் ஒன்றும் தெரியாது, ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை முறுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது) மட்டும் நிலைக்காது. அப்படியென்றால் அநேகமாக, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் துளையுள்ள திருகான ஸ்லோ ஜெட்தான் அடைத்திருக்கும். இருப்பதிலேயே சின்ன ஓட்டை அதனுடையது. தேங்கிய பெட்ரோல் பிசினாகும்போது முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான்.

பெட்ரோல் டேப்பை மூடி, ஹோஸை உருவி, அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்து, இரண்டு பக்கக் கிளாம்பையும் தளர்த்தினால் கார்ப்பரேட்டர் கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே வந்தது! ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம். புதிது வாங்கிப் போட்டேன். இப்போதெல்லாம் ஃபில்டர் பாக்ஸ் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, கார்ப்பரேட்டரை இடமும் வலமுமாக அசைத்து எடுக்கிறேன்.

ஜெட் பித்தளை. தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்தால் காடி மழுங்கிவிடும். முதல் தடவை அந்த ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஒரே இருட்டு. கிளீனர் அடித்து ஊறவிட்டு, மறுபடி அடித்ததும் பச்சையாக ஒரு சொட்டு வழிந்தது. அப்புறம் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல்-காற்றுக் கலவை கெட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடித்த கிளீனர் இன்னொரு துளை வழியாக முகத்தில் பீய்ச்சும்.

இரண்டாம் தடவை, ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைச் சுற்று எண்ணாமல் கழற்றிவிட்டு, ஒரு வாரம் டியூனிங்கோடு மல்லுக்கட்டினேன். இப்போது முதலில் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கழற்றுகிறேன். என் வண்டிக்கு இரண்டேகால்.

மூன்றாம் தடவை நடந்ததை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிளோடு வரும் ஸ்லைடை (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் உருளை) திருப்பிப் போட்டுவிட்டேன் போல, அது முழுக்கக் கீழே இறங்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் அலறியது, பதறிப்போய்ச் சாவியை அணைத்தேன். ஸ்லைடின் காடி உள்ளே இருக்கும் முளையில் உட்கார வேண்டும். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் 'டக்' என்று விழும் சத்தம் கேட்கும். அது கேட்காமல் நான் ஸ்டார்ட் செய்வதில்லை.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு, வண்டியை இரண்டு வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. இப்போது இரண்டு வருடமாகக் கழற்றவில்லை. புது ரப்பர்தான் மறுபடி இறுக ஆரம்பித்திருக்கிறது.