ஓ.பி.ஜி.யில் தெரியாத அகலம்

பல் வேலையை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கும் பழக்கம். எனக்குக் கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இந்த முறை மூன்று வார விடுப்பு கிடைத்தது. வந்த இரண்டாம் நாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் போன கிளினிக்கில் ஓ.பி.ஜி. எடுத்தார்கள். இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே அது. "எலும்பு 15 மில்லிமீட்டர் உயரம் இருக்கு, நாளைக்கே இம்ப்ளான்ட் வச்சிடலாம்" என்றார்கள். எலும்பில் திருகு மாதிரி பதிக்கும் செயற்கைப் பல்வேர்தான் இம்ப்ளான்ட். நான் சரி சொல்லத் தயாராகிவிட்டேன். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "எடுத்து ஆறு வருஷம் ஆன இடம்டா, இன்னொருத்தர்கிட்டயும் காட்டிடலாம்" என்று அடுத்த கிளினிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த டாக்டர் அதே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உயரம் தெரியுது சார். அகலம் எங்க தெரியுது?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வளைந்த தாடையைப் பாய் மாதிரி விரித்துக் காட்டுவது ஓ.பி.ஜி. கன்னத்துப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை எலும்பு எவ்வளவு தடிமன் என்று அதில் பார்க்கவே முடியாது. போதாததற்கு, உருவத்தை 20 முதல் 30 சதவீதம் வரை பெரிதாக்கியும் காட்டும். பல் எடுத்த இடத்திலோ எலும்பு முதலில் அகலத்தில்தான் கரைகிறது. முதல் வருடத்திலேயே பாதி அகலம் வரை போய்விடலாம் என்றார். அதனால் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் கம்மல், மூக்குத்தி, கண்ணாடி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பெண்களிடம் கர்ப்பமா என்றும் கேட்கிறார்கள். என்னை நிற்க வைத்து, தாடையை ஒரு தாங்கியில் பதித்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். "எச்சில் விழுங்காதீங்க, அசையாதீங்க." ஒரு கை மாதிரியான பாகம் தலையைச் சுற்றி மெல்ல ஒரு சுற்று வந்தது. 20 விநாடிகூட ஆகியிருக்காது. அந்த ஒரே சுற்றில், கூம்பு வடிவில் விரியும் எக்ஸ்ரேயால் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்துவிடுகிறது. அவற்றைக் கம்ப்யூட்டர் சேர்த்து முப்பரிமாணமாக்குகிறது. ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971-இல், லண்டனில். பல்லுக்கென்று இந்தக் கூம்பு முறை வந்தது 1990-களின் கடைசியில்தான்.

கதிர்வீச்சைப் பற்றி அக்கா கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரண ஓ.பி.ஜி.யைவிட இதில் பொதுவாக அதிகம், ஆஸ்பத்திரி சி.டி.யைவிடப் பெரும்பாலும் குறைவு. எவ்வளவு பகுதியை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு நிறைய மாறும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொருவருக்கும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. சிறிய பகுதியை மட்டும் எடுத்தால், அதில் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரைக்கான அளவுதான். அதனால் தேவையான பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கீழ்த்தாடையோடு நிறுத்தினார்கள்.

மறுநாள் டாக்டர் தன் திரையிலேயே காட்டினார். மவுஸை நகர்த்த நகர்த்த, தாடை ரொட்டித் துண்டுகள் மாதிரி குறுக்கே வெட்டுப்பட்டு வந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் கீழே வெள்ளை விளிம்போடு ஒரு சின்னக் கறுப்பு வட்டம். "இதுதான் நரம்பு போற குழாய், உங்க கீழ் உதட்டுக்கு உணர்ச்சி இது வழியாத்தான் போகுது" என்று சொல்லி அதன்மேல் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். இம்ப்ளான்ட் நுனிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விடவேண்டுமாம். 15 என்று சொன்ன உயரம் அளந்து பார்த்தால் 12. அது பரவாயில்லை. மேல் விளிம்பின் அகலம் வெறும் 4 மில்லிமீட்டர்! அவர் வைக்க நினைத்த இம்ப்ளான்டின் விட்டமே அதற்குமேல். இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டராவது எலும்பு நிற்க வேண்டும் என்றால் கணக்கு எங்கே சரிவரும்?

இன்னொன்றையும் காட்டினார். நாக்குப் பக்கம் எலும்பு நேராக இறங்காமல், பாதியில் உள்ளே குழிந்திருந்தது. அதைத் தெரியாமல் நேராகத் துளை போட்டால் எலும்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். அங்கே ரத்தக்குழாய் இருக்கிறது. நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டினால் மூச்சுக்கே ஆபத்து. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழைய படத்தை மட்டும் நம்பி நாளைக்கே வைக்கலாம் என்று சொன்னவர்கள்மேல் அப்போதுதான் கோபம் வந்தது.

எல்லாமே இந்த ஸ்கேனில் தெரிந்துவிடும் என்றும் இல்லை. பக்கத்துப் பல்லின் உலோகக் கேப்பைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் சிதறி, அந்த இடமே மங்கிப்போயிருந்தது. கேப்புக்கு அடியில் சொத்தை இருக்கிறதா என்று கேட்டேன். இதில் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கு வேறு வழி என்றார். ஈறு மாதிரி மென்மையான பகுதிகளும் இதில் சரியாகத் தெரியாது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

சென்டரில் முதலில் ஃபிலிம் பிரிண்ட் மட்டும்தான் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இதில் கவனமாக இருங்கள். பிரிண்டில் அவர்கள் தேர்ந்தெடுத்த சில வெட்டுகள்தான் இருக்கும், வேறு கோணத்தில் வெட்டிப் பார்க்க முடியாது. ஸ்கேனின் மூலப் படங்களான டைகாம் ஃபைல்கள் முழுவதையும், அவற்றைத் திறக்கும் வியூவரோடு, பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்ட பிறகு மறுக்காமல் கொடுத்தார்கள்.

இம்ப்ளான்ட் இந்த முறை வைக்கவில்லை. எலும்பை அகலமாக்க கிராஃப்ட், அதாவது எலும்பு ஒட்டு மட்டும் வைத்துத் தைத்தார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் தையல் பிரித்தாயிற்று. கிராஃப்ட் இறுக ஆறு மாதமாவது ஆகும், அதன்பிறகு அந்தச் சின்னப் பகுதியை மட்டும் மறுபடி ஸ்கேன் எடுத்து அகலத்தை அளந்துவிட்டுத்தான் துளை போடுவேன் என்று சொல்லியிருக்கிறார். பென் டிரைவ் பாஸ்போர்ட்டோடு அதே பையில் இருக்கிறது.