கொழிஞ்சாம்பாறை பக்கம் கிரே கிளி வாங்கப் போகிறீர்களா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் ‘பேப்பரோடு ஆப்பிரிக்கன் கிரே’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், முன்பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 42 ஆயிரம்.

எட்டு வருஷமாக லவ் பேர்ட்ஸ், காக்டெயில் கிளிகள் வளர்க்கிறேன். புதிதாக வந்தவன் ஏமாந்தால் பாவம் என்பார்கள். என்னை என்ன சொல்வார்கள் என்ற வெட்கத்தில்தான் இதை எழுதவே ஒரு மாதம் ஆயிற்று.

‘ஆறு மாதக் குஞ்சு, ஹேண்ட் ஃபீட், ரிங் உண்டு, பரிவேஷ் உண்டு’ என்று விளம்பரம். ஹேண்ட் ஃபீட் என்றால் கையால் ஊட்டி வளர்த்தது, ரிங் என்றால் எண் பொறித்த கால் வளையம், பரிவேஷ் என்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வெளிநாட்டுக் கிளியைப் பதிந்த தாள். பரிவேஷ் தாளின் படமும் வந்தது. உரிமையாளர் பெயர் இருக்கும் மூலையில் மட்டும் ஒரு கட்டைவிரல். படம் எடுக்கத் தெரியாத ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன். போனில் எதைக் கேட்டாலும் விற்பவரிடமிருந்து ஒரே பதில்: “ஒரு குழப்பவும் இல்லா, சேட்டா.” மலையாளத்தில் அதற்குச் சிக்கல் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். தமிழ்க் குழப்பம் பிறகு என் வீட்டுக்கு வந்தது.

வேலந்தாவளம் தாண்டி ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார். சாயங்காலம் ஆறரை மணி, தூறல் வேறு. கிளி கூண்டில் இல்லை, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருந்தது. இங்கே திறந்தால் பயந்துவிடும், வீட்டில் போய்த் திறங்கள் என்றார். ஓட்டை வழியே கிரேயின் அடையாளமான சிவப்பு வால் தெரிந்தது. அந்த வாலில்தான் விழுந்தேன். ஐந்தாயிரம் ஏற்கெனவே ஜிபேயில் போயிருந்தது, மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு ஆளைக் கண்டால் தலையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறக்கும். இது பெட்டி மூலையில் ஒடுங்கி நாய் மாதிரி உறுமியது. கிரே மிரண்டால் அப்படித்தான் உறுமும். பழகிவிடும் என்று இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். துண்டில் சுற்றிப் பிடித்து டார்ச் அடித்தவர், “கண்ணைப் பாத்தீங்களா?” என்றார். கிரே குஞ்சுக்குக் கண்மணியைச் சுற்றி அடர் சாம்பலாக இருக்கும். வளர வளர வெளுத்து, முதிர்ந்த கிளிக்கு வைக்கோல் நிறமாகிவிடும். என் ‘குஞ்சு’க்கு நல்ல மஞ்சள்.

அப்புறம் ரிங்கை நகத்தால் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் மயிரிழைப் பிளவு. முழு வளையத்தைக் குஞ்சு சிறிதாக இருக்கும்போதே, விரல்களைச் சேர்த்துப் பிடித்து மாட்டிவிட வேண்டும். கால் பெருத்த பிறகு ஏறாது. இது எந்த வயதிலும் குறடு வைத்து இறுக்கக்கூடிய திறந்த வளையம். கிளியோடு வந்த டிஎன்ஏ தாளில் (ஆணா பெண்ணா என்று பார்த்த சோதனை முடிவு) இருந்த எண்ணும் ரிங் எண்ணும் பிசகாமல் பொருந்தியதைப் பார்த்துதான் நான் நம்பியிருந்தேன். தாளைப் பார்த்து ரிங்கை மாட்டினால் பொருந்தாமல் என்ன செய்யும்?

பரிவேஷ் தாளை அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். 2020 என்றிருந்தது. அந்த வருஷம் ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாகவே தெரிவிக்க ஆறு மாதம் அவகாசம் தந்தது. அதற்குள் தெரிவித்தவர்களிடம் வேறு ஆவணம் கேட்கவில்லை. யாரோ தன் கிளிக்கு அப்போது வாங்கிய தாள் இது. 2020-இல் பதிவான கிளி இப்போது எப்படி ஆறு மாதக் குஞ்சாகும்? விற்றவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “அது தாய்க்கிளி பேப்பர்” என்றார். சரி, குஞ்சு பிறந்ததற்கான பதிவு எங்கே? 2022 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த 2024 பிப்ரவரி விதிகளின்படி கிரே மாதிரிப் பறவைகளை வைத்திருப்பது, அவை குஞ்சு பொரிப்பது, கைமாறுவது எல்லாமே பரிவேஷில் ஏற வேண்டும். அதோடு அவருடைய போன் எண் அணைந்துவிட்டது. விளம்பரம் வந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

“எதுக்குத் தம்பி இந்தச் செலவு? தென்னம்பொந்துல இருக்கற பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்த்தா ஆகாதா?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அது இன்னும் மோசம் அக்கா என்றேன். நம்மூர்க் கிளிக்குப் பதிவு என்ற வழியே கிடையாது, கூண்டில் வைப்பதே குற்றம்.

வனத்துறையில் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் நண்பர் ஒருவர் வேறொரு குழுவிலிருந்து ஒரு விளம்பரம் அனுப்பினார். வேறு கிளி, அதே 2020 தாள், அதே மூலையில் அதே கட்டைவிரல்.

இன்னொன்று. கிளி இப்போது உறுமுவதில்லை. தினமும் காலையில் ஒரு வயதான அம்மாவின் குரலில், ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லி “வா மோளே” என்று கூப்பிடுகிறது. பாலக்காடு பக்கம் கிரே தொலைத்த வீடு ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்தப் பெயர் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அதை அவர்கள் சொல்லட்டும்.