செம்பேரி தென்னை ஏறும் கருவி: 14 மாதம் ஏறிப் பார்த்தபின்

2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைப் புரட்டிப் போட்டபோது எங்களுக்கு மிஞ்சியது 47 மரம். அதற்கும் ஏற ஆள் இல்லாமல் போய்விட்டது. இருபது வருடமாக ஏறிவந்த பெரியப்பா (உறவு இல்லை, அப்படித்தான் கூப்பிடுவேன்) மூட்டுவலியால் உட்கார்ந்துவிட்டார். 45 நாளைக்கு ஒரு வெட்டு என்பது 70 நாளுக்குத் தள்ளிப்போனது. நெற்று தானாக விழுந்து மாட்டுக்கொட்டகையில் மூன்று ஓடு உடைந்தது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். சரி, நாமே ஏறுவோம் என்று கருவியை வாங்கிவிட்டேன். எனக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாலே வயிறு கலங்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

இது கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கியது. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் கீழே மிதிகட்டை, மேலே கைப்பிடி, மரத்தைச் சுற்றிப் போட ஒரு கம்பிக்கயிறு. கையாலும் காலாலும் சட்டத்தைத் தூக்கினால் கம்பி தளர்ந்து மேலே நகரும். மிதித்தால் இறுகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். மோட்டார் கிடையாது, எண்ணெய்ச் செலவு கிடையாது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ மாதிரியான ஆறு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஆறாம் நாள் மற்றவர்கள் மரத்தின் உச்சியிலுள்ள கொண்டையைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். நான் 15 அடியில் மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி கீழே நின்று, “அக்கா, மிதிங்கக்கா, மிதிங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தியதன் அர்த்தம் வீட்டுக்கு வந்தபிறகுதான் விளங்கியது. பயம் வந்தால் நமக்குக் கால் தானாகச் சுருங்கும், குதிகால் எழும்பும். குதிகால் எழும்பினால் மிதிகட்டையில் பாரம் குறையும், கம்பி தளரும், சட்டம் ஒரு அங்குலம் ‘டக்’கென்று இறங்கும். அந்த ஒரு அங்குலத்தில் உயிர் போய்த் திரும்பி வரும். உடனே இன்னும் பயம், கால் இன்னும் சுருங்கும். முழுப் பாரத்தையும் இறக்கி மிதித்துவிட்டால் கால் வெடவெடவென்று ஆடினாலும் கருவி அசையவில்லை. நடுக்கத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, நடுங்கிக்கொண்டே மிதித்தால் போதும்.

பெரியப்பா ஒரு வழி சொன்னார். “அடிக்கணக்குல ஏறாதம்மா, வடுக்கணக்குல ஏறு.” தென்னைக்கு ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை. விழுந்த மட்டை ஒவ்வொன்றும் தண்டில் ஒரு வடு விட்டுப் போகும். 12 வடு என்றால் ஒரு வருடம். வாசல் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, தினமும் துணிக்கு மேல் 24 வடு, அதாவது இரண்டு வருடம், ஏறி அங்கே துணியை மாற்றிக் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அதிகம் ஏறலாம் போலத் தோன்றினாலும் ஏறமாட்டேன். மனசில்லாத நாளிலும் பழைய துணிவரைக்குமாவது போய்வருவேன். கண் அடுத்த வடுவில்தான் இருக்கும், கீழே போகாது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த வருடத்து வடு இதுவாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்று சிரித்ததும் உண்டு. பன்னிரண்டாம் நாள் பாளை கைக்கு எட்டியது. அன்றைக்கு ஒரே ஒரு குலைதான் வெட்டினேன், அதுவும் கோணலாக.

இனி குறைகள். எடை அதிகம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போய், கம்பியைச் சுற்றி மாட்டுவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடும். ஒரு நாளைக்கு 12 மரத்துக்கு மேல் என்னால் முடிவதில்லை. காலில் மாட்டும் தளைக்கயிற்றில் ஏறும் ஆள் அதற்குள் தோப்பையே முடித்திருப்பார். சாய்ந்த மரத்தில் சரியாக உட்காராது. மழையில் பாசி பிடித்த மரத்தில் நான் ஏறுவதே இல்லை. கொண்டையில் முசுறு (கடிக்கும் சிவப்பு எறும்பு) இருந்தால் சங்கடம்தான். கடிக்கிறதே என்று வேகமாக இறங்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். குளவிக்கூட்டைக் கீழிருந்தே பார்த்துவிடுங்கள்.

பெரிய குறை, நான் வாங்கியதோடு பாதுகாப்பு வார் வரவில்லை. விற்ற கடைக்காரர் “அதெல்லாம் தேவைப்படாதும்மா” என்றார். ஏறப்போவது அவர் இல்லையே. தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். வார் இல்லாமல் பத்தடிகூட ஏறாதீர்கள். மரத்தில் பதியும் ரப்பரும் ஏழாம் மாதமே தேய்ந்துவிட்டது, அதே கடையில் மாற்று ரப்பர் கிடைக்க மூன்று வாரம் ஆனது. வாங்கும்போதே இன்னொரு ஜோடி கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஐம்பது மரத்துக்குள் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இருநூறு, முந்நூறு மரக்காரர்களுக்கு ஆள்தான் கட்டுப்படியாகும்.

பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு தடவை இரவல் கேட்டுவிட்டார். கொடுக்கவில்லை. காலையில் ஏறும் முன் கம்பியில் பிரிந்த இழை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அடுத்தவர் கைக்குப் போய்வந்த கம்பியில் ஏறச் சொன்னால் மறுபடி 15 அடியிலேயே நின்றுவிடுவேன்.